எலக்ட்ரோஸ்ப்ரேல சிக்னல் வரலையா? வோல்டேஜ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

எலக்ட்ரோஸ்ப்ரேன்னா, கரைசல ஊசி வழியா ஸ்ப்ரே பண்ணி, அதுல இருக்கற மாலிக்யூல அயனியாக்கி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (அயனிய எடை போடற கருவி) அனுப்பற முறை. இதுல சிக்னல் கம்மியா இருந்தா உடனே வோல்டேஜ ஏத்தறது தான் முதல் தப்பு. ஊசில குடுக்கற 3, 4 கிலோவோல்ட் மாலிக்யூல்ல இருந்து எலக்ட்ரான பிடுங்கி அயனியாக்குதுன்னு நெறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அப்படியெல்லாம் இல்ல, பாசிட்டிவ் மோட்ல அது பாசிட்டிவ் அயனிகள முனைக்கு இழுத்து, திரவத்த கூம்பாக்கி, சார்ஜ் ஏறின துளிகளா தெறிக்க விடுது, அவ்ளோதான். ரொம்ப ஏத்தினா கொரோனா டிஸ்சார்ஜ் (ஊசி முனைல இருந்து காத்துல மின்சாரம் கசியறது) தான் மிச்சம், நெகட்டிவ் மோட்ல இன்னும் சீக்கிரமாவே வரும்.

மிச்ச கதையெல்லாம் துளி காயும்போது தான். சால்வென்ட் ஆவியாக ஆவியாக துளி சின்னதாகும், சார்ஜ் குறையாது, ஒரு துளி எவ்ளோ சார்ஜ் தாங்கும்னு 1882-ல இயற்பியலாளர் ரேலி கணக்கு போட்டு சொன்ன எல்லைய நெருங்கினதும் துளி உடையும். படத்துல ரெண்டு பாதியா உடையற மாதிரி போட்டிருப்பாங்க, நம்பாதீங்க. மெல்லிசா ஒரு தாரை பீச்சும், எடைல 2 சதவீதம் போல தான் போகும், ஆனா சார்ஜ்ல 10, 15 சதவீதம் அதோட போயிடும்.

அடுத்து, எல்லா அயனியும் ஒரே வழில வெளிய வருதுன்னு மனப்பாடம் பண்றது. சின்ன அயனின்னா சில நானோமீட்டர் துளிலேர்ந்து நேரா எகிறி வெளிய வரும், இது 1976-ல இரிபார்னும் தாம்ஸனும் சொன்னது. மடிஞ்ச புரோட்டீன் அப்படி வராது, அத சுத்தி இருக்கற துளி முழுசா வத்தணும், 1968-ல டோல் சொன்ன வழி. மடிப்பு குலைஞ்ச புரோட்டீன்னா சங்கிலி மாதிரி துளிக்கு வெளிய நீண்டு வரும்னு இப்ப சொல்றாங்க.

இது புரிஞ்சா ஃபாஸ்பேட் பஃபர்ல (பிஎச் மாறாம தாங்கற உப்புக் கரைசல்) இருக்கற சாம்பிள அப்படியே ஏத்த மனசு வராது. உப்பளம் மாதிரி துளி வத்தினா உப்பு எங்க போகும், புரோட்டீன் மேலயே ஒட்டிக்கும், பீக் எல்லாம் சோடியம் அடக்டோட (ஒட்டிக்கிட்ட சோடியத்தோட) பட்டையா வரும். அம்மோனியம் அசிடேட்டுக்கு மாத்துங்க, அது ஆவியாயிடும். ஆனா அத பஃபர்னு நம்பிடாதீங்க, பிகேஏ (எந்த பிஎச் பக்கத்துல பஃபரா வேலை செய்யும்ங்கற நம்பர்) 4.75, 9.25, பிஎச் 7-ல அது தாங்கவே தாங்காது, பாசிட்டிவ் மோட்ல ஊசில தண்ணி ஆக்ஸிடைஸ் ஆகி புரோட்டான் வேற விடுது.

மயோகுளோபின்ங்கற புரோட்டீனுக்கு ஸ்பெக்ட்ரத்துல 9+ (ஒன்பது பாசிட்டிவ் சார்ஜ்) வந்தா கரைசல்லயும் 9 சார்ஜ்னு எழுதறதும் தப்பு தான். மடிஞ்ச புரோட்டீனுக்கு அந்த நம்பர் பெரும்பாலும் கடைசி துளி தாங்கின சார்ஜ், மயோகுளோபினோட எடைய டால்டன்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்த 0.078-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 10 வரும்.

அப்புறம் கான்சன்ட்ரேஷன். 10 மைக்ரோமோலார் தாண்டினா சிக்னல் பொதுவா ஏறாது, துளில சார்ஜும் மேல்பரப்பும் அவ்ளோ தான் இருக்கு. பத்து மடங்கு டைல்யூட் பண்ணி பாருங்க, உப்பும் சேர்ந்து குறையும்.