நாட் ஒன்லி, பட் ஆல்சோ: அழுத்தம் சறுக்கும் இடங்கள்

இங்கிலீஷில் எதையாவது அழுத்திச் சொல்லணும் என்றால் உடனே கை போவது 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' பக்கம்தான். ஜோடியில் ஒன்றை மறப்பவர்கள் குறைவு, தப்பான இடத்தில் வைப்பவர்கள்தான் அதிகம்.

'ஷீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் ஃப்ரெஞ்ச் பட் ஆல்சோ ஜெர்மன்'. இதில் முதல் பாதிக்குப் பின்னால் வினைச்சொல், இரண்டாவதற்குப் பின்னால் வெறும் பெயர்ச்சொல். 'ஷீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி ஃப்ரெஞ்ச் பட் ஆல்சோ ஜெர்மன்' என்று நாட் ஒன்லியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டு பக்கமும் சமம். பேச்சில் முதல் வாக்கியத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் வேலை விண்ணப்பத்திலோ கட்டுரையிலோ உறுத்தும்.

இன்னும் அழுத்தம் வேண்டும் என்று நாட் ஒன்லியை வாக்கியத்தின் தலைக்கே கொண்டுபோனால், அடுத்து வருவது கேள்வி கேட்கிற வரிசையில் திரும்பியாக வேண்டும். 'நாட் ஒன்லி ஹி லாஸ்ட் த கேஸ்' தவறு. 'நாட் ஒன்லி டிட் ஹி லூஸ் த கேஸ், பட் ஹி ஆல்சோ லாஸ்ட் ஹிஸ் ஜாப்' சரி. டிட் வந்ததும் லாஸ்ட் லூஸாகிவிட்டது, ஆனால் பட்டுக்கு அப்புறம் பழைய வரிசைதான், அங்கேயும் டிட் போட்டுத் திருப்பாதீர்கள்.

'நோ சூனர்' முதலில் வந்தாலும் இதே கதை: 'நோ சூனர் ஹேட் ஐ சாட் டவுன் தேன் த ஃபோன் ரேங்'. சூனர் ஒப்பிடும் சொல், அதனால் அதற்குத் தேன்தான் ஜோடி. வென் போடுவது ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லியோடு.

மற்றவை சின்ன விஷயம். போத் வந்தால் அண்ட், 'ஆஸ் வெல் ஆஸ்' வேண்டாம். நைதருக்கு நார். ஆல்தோ போட்டு ஆரம்பித்த வாக்கியத்தில் பட் வேண்டவே வேண்டாம், தமிழ்ப் பழக்கத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், பார்த்து எடுத்துவிடுங்கள்.

இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் சொதப்புவது எங்கே தெரியுமா? 'த ஃபயர் நாட் ஒன்லி டெஸ்ட்ராய்ட் த ஹவுஸ் பட் ஆல்சோ டேமேஜ்ட் த கேட்'. வீடே எரிந்துபோயிருக்கிறது, நாம் படிக்கிறவரைக் கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டோம்! பெரிய விஷயம் இரண்டாவதாக வரணும். இரண்டும் ஒரே எடை என்றால் சும்மா ஒரு அண்ட் போதும்.