வால் ஆற்றில் சூதுபவளம் பொறுக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுவானி என்று ஓர் ஆறு. கல்லாகிப்போன பவளத் துண்டுகளை அங்கே தேன் நிறத்திலும் ரோஜா நிறத்திலும் பொறுக்குகிறார்கள். 1979-ல் அந்தக் கல்லையே மாநிலக் கல்லாக அறிவித்துவிட்டார்கள். படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் புதைபடிவம் அரசின் சொத்து. ஆசையோடு கிம்பர்லிக்குப் போன என்னை, அங்கிருக்கும் பெரியப்பா வேறு கல்லுக்குத் திருப்பிவிட்டார். ஃபுளோரிடாவில் பவளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அதே சிலிக்காதான் (மணலில் இருக்கும் பொருள்) இங்கே வால் ஆற்றில் அகேட் என்ற வரி ஓடிய, ஒளி கசியும் கல்லாகக் கிடக்கிறது. அதில் சிவந்தது சூதுபவளம். கொடுமணலிலும் கீழடியிலும் மணிமணியாகக் கிடைத்ததே, அந்த வகைக் கல்.

ஆற்றின் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இங்கே பேசும் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் 'வால்' என்றால் மங்கிய நிறம். கரையில் நின்று பார்த்தால் எல்லாக் கல்லும் அப்படித்தான் இருக்கும்.

முதல் படி: எதைத் தொடக்கூடாது

கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் புதைபடிவத்தையோ பழங்காலக் கற்கருவியையோ இடம் மாற்றுவது குற்றம். கிம்பர்லியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள பார்க்லி வெஸ்ட் ஊரை ஒட்டிய கான்டீன் கோப்பி மேட்டில், ஆதி மனிதர்களின் கைக்கோடரிகள் மண்ணிலேயே கிடக்கின்றன. நீர்த்துளி வடிவம், இரண்டு பக்கமும் கொத்திய தழும்பு. 1863-ல் பல்லாவரத்தில் கிடைத்ததும் பழைய கற்காலக் கருவிதான் என்பதால் எனக்குக் கை துறுதுறுத்தது. படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மேட்டில் எந்தக் கல்லையும் எடுக்காதீர்கள்.

அப்புறம் வைரம். 1869, 1870 வாக்கில் வைரம் தேடிக் கூட்டம் திரண்டது இந்தக் கரைக்குத்தான். பட்டை தீட்டாத வைரத்தை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். எண்ணெய்ப் பளபளப்போடு ஏதாவது கண்ணில் பட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கரை பெரும்பாலும் யாரோ ஒருவரின் பண்ணை. சில இடங்களில் சுரங்க உரிமையும் இருக்கும். வாசலில் போய்க் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே இறங்குங்கள்.

இரண்டாம் படி: எப்போது போவது

மே முதல் ஆகஸ்ட் வரை. மழை இல்லாமல் ஆறு வற்றிச் சரளைத் திட்டு வெளியே தெரியும். கோடையில் வேண்டாம். மேலே அணையில் மதகைத் திறந்தால், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

மூன்றாம் படி: கையில் என்ன

தண்ணீர் பீய்ச்சும் புட்டி, சின்ன டார்ச், பேனாக்கத்தி, கித்தான் பை, தொப்பி. கல்லைப் புரட்ட ஒரு குச்சி. கல்லுக்கு அடியில் விரலை விடாதீர்கள், இது நாகமும் விரியனும் உள்ள ஊர். மதியத்துக்கு ரொட்டி சுருட்டி எடுத்துப் போங்கள்.

நான்காம் படி: பார்ப்பது

முதல் தடவை சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்தேன். ஒரு மூட்டை வெள்ளைக் குவார்ட்ஸ் சேர்த்தேன். பெரியப்பா பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது தோட்டத்துப் பாதைக்கு ஆகும்" என்றார்.

மறுநாள் அவர் காட்டிக்கொடுத்தது இதுதான். காலையிலோ சாயங்காலத்திலோ, வெயில் சாய்ந்திருக்கும்போது சூரியனைப் பார்த்தபடி நடக்க வேண்டும். சாதாரணக் கல் ஒளியை மறித்துக் கறுப்பாக நிற்கும். அகேட் மட்டும் விளிம்பில் விளக்கு வைத்த மாதிரி கசியும். குனிந்து எடுத்துத் தண்ணீர் தெளியுங்கள். மெழுகு பூசியது போன்ற தோல், அதில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள், உடைந்த இடத்தில் சிப்பி போன்ற வளைவு இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

குழிகள் வந்த கதை பழையது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓடிய எரிமலைக் குழம்பில் காற்றுக் குமிழிகள் தங்கிவிட்டன. சிலிக்கா கரைந்த நீர் உள்ளே ஊறி அடுக்கடுக்காகப் படிந்தது. இரும்பு கலந்த இடம் சிவந்தது. பிறகு, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த காலத்தில் இங்கே பனிப்பாறை நகர்ந்தது. பார்க்லி வெஸ்ட் போகும் வழியில் நூயிட்கெடாக்ட் என்ற இடத்தில், பனி இழுத்த கோடுகளை அந்தக் குழம்புப் பாறையிலேயே பார்க்கலாம். அதே பாறை மேல் இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் செதுக்கிய உருவங்களும் உண்டு. ஒரு மணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள்.

பட்டை பட்டையாக, ஆனால் ஒளி புகாமல், கையில் கனத்தால் அது இரும்புக்கல். வைரம் தோண்டுகிறவர்கள் 'பேன்டம்' என்பார்கள். அழகுதான், ஆனால் அகேட் இல்லை.

ஐந்தாம் படி: சோதனை

கத்தி முனையால் கீறுங்கள். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் அகேட் கிட்டத்தட்ட 7, சாதாரணக் கத்தி அதில் வழுக்கும். கோடு விழுந்தால் போட்டுவிடுங்கள். நிழலில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருக்கும் வரி தெரியும். அந்த வரி பிடித்தால் மட்டும் பையில் போடுங்கள். நான் ஒரு நாளைக்குப் பத்துக் கல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆறாம் படி: மெருகு

கல் உருட்டும் இயந்திரத்துக்கு டம்ளர் என்று பெயர், காப்பி டம்ளர் அல்ல. அதன் பீப்பாயில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கல்லைப் போட்டு, கல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் சிலிக்கன் கார்பைடு பொடியும் சேர்த்து ஓடவிடுங்கள். முதலில் கரகரப்பான பொடி, அப்புறம் 220 எண் பொடி, பிறகு அதைவிட நைசான 500 எண் பொடி, கடைசியில் மெருகுப் பொடி. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். பொடி மாற்றும்போது கல்லையும் பீப்பாயையும் நன்றாகக் கழுவுங்கள். பழைய பொடி ஒரு துளி தங்கினாலும் கீறல் விழும். கழுவிய சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.