பல வருடம் கிடந்த அலுமினியப் படகு: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

கொட்டகையிலோ மரத்தடியிலோ வருடக்கணக்கில் கிடந்த 12 அடி, 14 அடி அலுமினிய மீன்பிடிப் படகு கைக்கு வந்ததும், பலருக்கும் முதலில் தோன்றுவது பெயின்ட் அடிப்பதுதான். பெயின்ட் கடைசி வேலை. அதை முன்னால் செய்தால், ஒழுகும் ரிவெட்டும் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஆணி) அரித்த குழியும் பெயின்டுக்கு அடியில் மறைந்துவிடும். தண்ணீரில் இறக்கிய அன்றுதான் அவை தெரியவரும்.

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்று பட்டவுடன் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி உலோகத்தைக் காக்கிறது. அந்தப் படலம் நிலைக்கக் காற்று வேண்டும். ஊறிய கார்பெட், ஈர ஃபோம், மக்கிய இலைக்குப்பை ஆகியவை தகட்டோடு ஒட்டிக்கிடக்கும் இடத்தில் காற்று புகாமல் ஈரம் மட்டும் நிற்கும். அங்கே படலம் உடைந்து குழி விழும். செம்பு, பித்தளை, ஈயம், இரும்பு போன்ற வேறு உலோகம் அந்த ஈரத்தில் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். ஆகவே படகைச் சீர்செய்வதில் பாதி வேலை, தகட்டை எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேடி எடுப்பதுதான்.

முதல் படி: எல்லாவற்றையும் கழற்றுங்கள்

எஞ்சின், பேட்டரி, வயர், இருக்கைப் பலகை, தரைப் பலகை, கார்பெட் எல்லாம் வெளியே வரட்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பலகைகளை உடனே எறிந்துவிடாதீர்கள். எவ்வளவு மக்கியிருந்தாலும் புதியதை வெட்டுவதற்கு அவைதான் அளவு.

தரைப் பலகை வந்ததும் அடியில் கிடக்கும் குப்பையைக் கையால் துழாவிப் பாருங்கள். எப்போதோ விழுந்த ஈயக்குண்டு, தூண்டில் முள், செம்பு வயர்த் துண்டு, ஒரு நாணயம் எனப் பலதும் கிடைக்கும். ஈயக்குண்டு கிடந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். அதை நகத்தால் சுரண்டினால் சாம்பல் நிறப் பொடி உதிர்ந்து, கீழே குண்டின் அளவிலேயே ஒரு குழி தெரியும். 1.5 மி.மீ. தகட்டில் அது ஓட்டையாகவே மாறியிருக்கலாம்.

இருக்கைக்கு அடியில் உள்ள மிதவை ஃபோமை ஒரு கைப்பிடி வெட்டி எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் முழுவதையும் மாற்ற வேண்டும். படகுகளில் ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம் காய்ந்த நிலையில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 32 கிலோதான். நீர் குடித்துவிட்டால் அதன் எடை பல மடங்கு ஏறும். அதை எடுத்துவிட்டு வெறும் பெட்டியாக மட்டும் விடாதீர்கள். படகில் தண்ணீர் நிரம்பினால் உங்களை மிதக்க வைப்பது அந்த ஃபோம்தான். வெள்ளை தெர்மோகோல் வேண்டாம், பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

இரண்டாம் படி: கழுவுதல்

பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ், நிறைய தண்ணீர். வெள்ளைக் கறைக்கு 5 சதவீத வினிகரைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். போகாத கறைக்கு, அலுமினியத்துக்கென்றே விற்கும் பாஸ்போரிக் அமிலக் கழுவி இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காஸ்டிக் சோடா கலந்த எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது அலுமினியத்தைக் கரைத்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அமிலக் கழுவியோடு பிளீச்சிங் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும்.

சாதாரண இரும்புக் கம்பி பிரஷும் ஸ்டீல் உல்லும் கூடாது. அவற்றின் நுண்துகள்கள் தகட்டில் குத்தி நின்று, துருப்பிடித்துப் புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். கம்பி பிரஷ் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், இதுவரை இரும்பில் படாத புதியதை எடுங்கள்.

பழைய பெயின்டுக்கு அடியில் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பிரைமர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஜிங்க் குரோமேட். அதன் தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காயத் தேய்க்காமல் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள். சாதாரண துணி முகமூடி போதாது.

மூன்றாம் படி: ஒழுக்கு எங்கே?

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். படகை மிதக்கவிட்டு உள்ளே பார்த்தால், நீர் நுழைந்த இடமும் தேங்கிய இடமும் வேறு வேறாக இருக்கும். அதனால் தலைகீழாகச் செய்ய வேண்டும்: நீரைப் படகுக்குள் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது.

முதலில் தாங்கல். தட்டை அடி கொண்ட 12 அடி படகில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தினால் சுமார் 350 லிட்டர், அதாவது 350 கிலோ. இரண்டு முக்காலிகளின்மேல் மட்டும் அந்தப் பாரத்தை ஏற்றினால் தகடு நடுவில் தொய்ந்து, நன்றாக இருந்த ரிவெட்டும் தளரும். அடி நடுவே நீளமாக ஓடும் ஏராவின் கீழ் குறைந்தது நான்கு இடத்திலாவது மரக்கட்டை கொடுங்கள். அடிக்குக் கீழே கண்ணால் பார்க்கும் அளவுக்கு இடைவெளி வேண்டும்.

வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தகடுகள் ஒன்றோடொன்று சேரும் தையல் ஓரங்களிலும் ரிவெட் வரிசையிலும் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். நீரை ஊற்றியதும் கசியும் இடத்தில் வெண்மை கருக்கும். சொட்டு கீழே விழும் இடத்தைப் பார்க்காதீர்கள். முதலில் கருத்த புள்ளியைப் பாருங்கள். நீர் தையல் வழியே ஓரடி ஓடிய பிறகுதான் சொட்டும். மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். பென்சில் வேண்டாம்: அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும், அதனால்தான் விமானத் தகடுகளில் பென்சிலால் குறிப்பதைத் தவிர்க்கிறார்கள். ஒரு மணி நேரம் காத்திருங்கள், சில ரிவெட்டுகள் மெதுவாகத்தான் வெளிப்படும்.

நீரை வடித்த பிறகு, இருட்டியதும் அடியில் பிரகாசமான விளக்கு ஒன்றை வைத்து உள்ளே குனிந்து பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் நட்சத்திரம் போல மின்னும்.

நான்காம் படி: ரிவெட்

தளர்ந்த ரிவெட்டை உடனே பிடுங்காதீர்கள். பெரும்பாலானவற்றை இறுக்கிவிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட்டின் வட்டத் தலைமீது ஒன்றரை, இரண்டு கிலோ எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் வால் முனையை உருண்டைத் தலைச் சுத்தியலால் நான்கைந்து முறை நேராகத் தட்ட வேண்டும். சத்தத்தைக் கவனியுங்கள்: தளர்ந்தது சலசலக்கும், இறுகியதும் ‘டண்’ என்று திண்மையாகக் கேட்கும். அங்கேயே நிறுத்துங்கள். மேலும் அடித்தால் சுற்றியுள்ள தகடு விரிந்து பக்கத்து ரிவெட்டுகள் தளரும்.

தலை தேய்ந்தது, துளை நீள்வட்டமாகிப்போனது, இவற்றை மாற்றியே ஆக வேண்டும். தலையின் மையத்தில் சென்டர் பஞ்சால் குறியிட்டு, தலையை மட்டும் டிரில் செய்து, மீதியைத் தட்டி வெளியே தள்ளுங்கள். 4.8 மி.மீ. திட ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை. ரிவெட்டின் நீளம், சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் வருவது. தகடுகள் சேர்ந்து 3 மி.மீ. என்றால் 3 + 7.2, ஏறத்தாழ 10 மி.மீ. அடித்து முடித்த வால் சுமார் 7 மி.மீ. அகலமும் 2.4 மி.மீ. உயரமுமாக இருக்க வேண்டும். துளையில் நீர் கசியாமல் அடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் தடவிவிட்டே ரிவெட்டைச் செருகுங்கள்.

உள்ளே கை எட்டாத இடத்துக்கு மட்டும் பாப் ரிவெட். அதிலும் முனை மூடிய, முழுவதும் அலுமினியமான வகை. சாதாரண பாப் ரிவெட்டின் நடுவிலேயே ஓட்டை இருக்கிறது, அதன் வழியே நீர் வரும். உள்ளே தங்கும் இரும்புத் தண்டும் துருப்பிடிக்கும்.

ரிவெட் வேலை முடிந்த பிறகு, தையல்களில் உட்புறமாக ஊடுருவும் எபாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) சீலரை ஓட்டுங்கள். படகு வெயிலில் இளஞ்சூடாக இருக்கும்போது ஊற்றினால் மெலிந்து தையலுக்குள் இறங்கும். சிலிக்கோன் மட்டும் வேண்டாம். அது உரிந்து வந்த பிறகும் அந்த இடத்தில் பெயின்டோ எபாக்சியோ ஒட்டாது.

விரிசல் இருந்தால் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு மூலைகளை வளைவாக வெட்டிய 5052 ரக அலுமினியத் தகட்டை சீலன்ட் வைத்து ரிவெட் செய்யுங்கள். வெல்டிங்கை நிபுணரிடம் விட்டுவிடுங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், மேலே உள்ள ஆக்சைடுக்கு 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். பழகாத கை மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும்.

ஐந்தாம் படி: எஞ்சின் மாட்டும் பின்பலகை

பின்பக்கத்தை மரச்சுத்தியலால் தட்டுங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது, பொத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது. இந்த மரத்தில் சமரசம் வேண்டாம், எஞ்சினின் எடையும் உந்துவிசையும் இதில்தான் இறங்குகின்றன.

18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சியால் ஒட்டி 24 மணி நேரம் கிளாம்ப் போட்டு வையுங்கள். பழையதை வைத்து அளவெடுத்து வெட்டியபின் எல்லாப் பக்கத்திலும் மூன்று கோட் எபாக்சி. வெட்டிய ஓரங்கள்தான் நீரை உறிஞ்சும், அங்கே தாராளமாகக் கொடுங்கள். போல்ட் துளைகளை 3, 4 மி.மீ. பெரிதாகப் போட்டு எபாக்சியால் அடைத்து, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது போல்ட் வழியே இறங்கும் நீர் மரத்தைத் தொடாது.

கரையான் அரிக்காது என்று மருந்தேற்றிய மரத்தை வாங்கிவிடாதீர்கள். அந்த மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் அது அலுமினியத் தகட்டைத் தின்றுவிடும். தரைக்கும் இருக்கைக்கும் இதே விதி. போல்ட்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், நைலான் வாஷரோடும் சீலன்டோடும் போகட்டும்.

ஆறாம் படி: பெயின்ட்

மறுபடி நீர் ஊற்றிச் சோதித்து, ஒரு சொட்டும் இல்லை என்ற பிறகுதான் இது. 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடையுங்கள். சுத்தம் போதுமா என்று பார்க்க, ஒரு குவளை நீரை மேலே ஊற்றுங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, திரும்பத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதே நாளில், சில மணி நேரத்துக்குள் அலுமினியத்துக்கான பிரைமரைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் ஆக்சைடு தடித்துப் பிடிப்பு குறையும். பிரைமரும் மேல்பூச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேனை ஸ்பிரே செய்யாமல் ரோலரால் பூசுங்கள், அதன் புகை நுரையீரலுக்கு ஆபத்து. அடியில் பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயின்டில் செம்பு இருந்தால் அது இந்தப் படகுக்கு ஆகாது.

மின்சார வயரில் ஒன்றே முக்கியம்: படகின் உடலை எர்த்தாகப் பயன்படுத்தாதீர்கள். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் தனித்தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ்.

எஞ்சினில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு எரிபொருள் குழாய், ஸ்பார்க் பிளக், நீர் பம்ப் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மூன்றையும் மாற்றுங்கள். கியர் ஆயில் பால் போல வந்தால் சீல் வழியே உள்ளே நீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். குளிர்விக்கும் நீர் இல்லாமல் சில விநாடிகூட ஓட்டாதீர்கள், இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும்.

முதல் இறக்கம் முழங்கால் ஆழ நீரில், எஞ்சின் இல்லாமல். அரை மணி நேரம் சும்மா மிதக்கட்டும். பிறகு லைஃப் ஜாக்கெட்டோடு ஏறி, இரு பக்கமும் எடையை மாற்றி மாற்றி ஆட்டுங்கள். சில ரிவெட்டுகள் தகடு வளையும்போதுதான் ஒழுகும். உள்ளே போட்டு வைத்த காய்ந்த செய்தித்தாளில் ஈரப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, கரைக்கு இழுத்து அந்த ஒன்றிரண்டையும் இறுக்கிய பிறகு எஞ்சினை மாட்டுங்கள்.