உங்கள் ஊருக்குக் கட்சி மாநாடு வருகிறதா? முதலில் வரைபடத்தை எடுங்கள்

2028-ல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு ஹூஸ்டனுக்கு வருகிறது. அங்கே புறநகரான கேட்டியில் (Katy) குடியிருக்கும் என் மச்சினன் போன வாரம் போன் செய்து, "அத்தான், 2012-ல் வட கரோலினா சார்லட்டில் நீங்க இதை நேரில் பார்த்தவங்க. நாங்க என்ன செஞ்சு வச்சுக்கணும்?" என்று கேட்டான். அவன் டவுன்டவுனில், அதாவது ஊரின் மையப் பகுதியில், வேலை பார்க்கிறான், அவன் மனைவி சின்னதாக ஒரு கேட்டரிங் நடத்துகிறாள். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். ஹூஸ்டன் என்றில்லை, அமெரிக்காவில் எந்த ஊரில் இருந்தாலும் இப்படி ஒரு மாநாடு வரும்போது உதவும்.

நம் ஊர் மாநாடு போலத் திடலில் பந்தல் போட்டு, லாரி லாரியாக ஆள் வந்து, ஊர் முழுக்கத் தோரணம் கட்டும் சமாச்சாரம் இல்லை இது. கூரை போட்ட ஒரு விளையாட்டு அரங்குக்குள் மூன்று நான்கு நாள் நடக்கும். எல்லா மாநிலங்களிலிருந்தும் வரும் பிரதிநிதிகள் கூடித் தங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளரை முறைப்படி அறிவிப்பார்கள். சார்லட்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு 2012 செப்டம்பர் 4 முதல் 6 வரை நடந்தது. 2010 கணக்கெடுப்பில் 7,31,424 பேர் இருந்த ஊர், வங்கிகளை நம்பி மளமளவென்று வளர்ந்த ஊர். 2011 பிப்ரவரியில் அறிவிப்பு வந்ததுமே கடைக்காரர், வீட்டுக்காரர், டாக்சிக்காரர் என்று எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 35,000 பேர் வருவார்கள் என்று பேச்சு. அந்த 35,000 பேரும் எந்தத் தெருவில் நடப்பார்கள், யார் கடை வாசலைத் தாண்டிப் போவார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதனால் முதல் வேலை, ஊர் வரைபடத்தை எடுத்து, மாநாட்டு அரங்கைச் சுற்றிப் பென்சிலால் இரண்டு வட்டம் போடுங்கள். இந்த மாநாடுகளைத் தேசியச் சிறப்புப் பாதுகாப்பு நிகழ்ச்சி என்று மத்திய அரசு அறிவித்துவிடும், பாதுகாப்புத் திட்டம் முழுவதும் அதிபருக்குக் காவல் இருக்கும் சீக்ரெட் சர்வீஸ் கைக்குப் போய்விடும். உள்வட்டத்தில் அனுமதி அட்டை இல்லாமல் நடக்கவே முடியாது. வெளிவட்டத்தில் நடக்கலாம், ஆனால் வண்டி போனால் நிறுத்திச் சோதிப்பார்கள். எந்தத் தெரு எந்த வட்டத்துக்குள் வருகிறது என்ற சரியான வரைபடம் மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகும். அதுவரை காத்திருந்தால் எதற்கும் நேரம் இருக்காது. உங்கள் பென்சில் வட்டம் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். சார்லட்டில் அரங்குக்கு நேர் எதிரே நகரப் பேருந்து நிலையம். அது வளையத்துக்குள் போனதும் பாதிக்கப்பட்டவர்கள் மாநாட்டைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்கள். ஹூஸ்டனில் டொயோட்டா சென்டரும் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பென்சிலை அங்கே வையுங்கள்.

வட்டத்துக்குள் உங்கள் ஆபீஸ் இருந்தால், அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று இரண்டு மூன்று மாதம் முன்பே மேலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். வாய் வார்த்தை போதாது. போயே ஆக வேண்டும் என்றால், ஆபீஸ் அடையாள அட்டையோடு, இங்கே வேலை பார்க்கிறார் என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுப் பை வேண்டாம். சார்லட் நகராட்சி 2012 ஜனவரியில் ஒரு தனிச் சட்டமே போட்டது, சிறப்பு நிகழ்ச்சி என்று அறிவித்த பகுதிக்குள் எதை எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக்கூடாது என்று. உங்கள் ஊரும் அதுபோல ஒன்று போட வாய்ப்பு இருக்கிறது, அந்தப் பட்டியலைத் தேடிப் படியுங்கள். ஆபீஸைப் பற்றி எல்லோரும் யோசித்துவிடுவார்கள், மறப்பது மற்றவற்றைத்தான்: குழந்தையை விடும் டேகேர் வட்டத்துக்குள் இருக்கிறதா, அம்மாவுக்குப் பிசியோதெரபி எங்கே, மாத்திரை வாங்கும் மருந்துக்கடை எங்கே. இவை ஏதாவது உள்ளே இருந்தால் இப்போதே மாற்று ஏற்பாடு.

சரி, சாப்பாட்டு வியாபாரம். என் மச்சினன் மனைவிக்காக இதை விரிவாகச் சொல்கிறேன்.

சார்லட்டில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அப்டவுனில் (சார்லட்டில் டவுன்டவுனை அப்படித்தான் சொல்வார்கள்) நூற்றைம்பது பேருக்கு இட்லி, வடை, பொங்கல் என்று ஆர்டர் கிடைத்தது. நல்ல ஆர்டர். வண்டி எண், ஓட்டுபவர் பெயர், லைசென்ஸ் எல்லாம் சில நாள் முன்பே கொடுத்துவிட்டார். அன்று விடியற்காலை அவர் வேன் கிளம்பவில்லை. தம்பியின் வண்டியில் ஏற்றி அனுப்பினார். பட்டியலில் அந்த வண்டி இல்லை, அந்த ஆளும் இல்லை. சோதனைச் சாவடியில் திருப்பிவிட்டு, வேறு இடத்தில் போய்ச் சோதனை முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். சாப்பாடு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். இட்லி ஹாட்பாக்ஸுக்குள் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கு முழுவதும் ஒரே பாளமாக வந்தது. தேங்காய்ச் சட்னி வாடை மாறிவிட்டது. பாதிப் பணம்தான் கிடைத்தது. அந்த மனிதர் இரண்டு நாள் தூங்காமல் உழைத்திருந்தார், அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இது. வட்டத்துக்குள் ஆர்டர் எடுத்தால் இரண்டு வண்டி, இரண்டு டிரைவர் பெயரைக் கொடுத்து வையுங்கள். வண்டிக்கான அனுமதி கைக்கு வந்த பிறகு உளுந்தை ஊறப்போடுங்கள். சட்னிக்குப் பதில் மிளகாய்ப்பொடி, எண்ணெய், கூடவே தக்காளித் தொக்கு. இட்லியை விட எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் தாமதத்தைத் தாங்கும். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், சோதனையில் தாமதமானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ரத்து. இதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் இதே சார்லட்டுக்கு 2020-ல் குடியரசுக் கட்சி மாநாடு வருவதாக இருந்து, கோவிட் வந்து, கடைசியில் 336 பிரதிநிதிகள் மட்டும் கூடி முறையான வேலைகளை முடித்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு மில்வாக்கியில் நடக்க இருந்த ஜனநாயகக் கட்சி மாநாடு ஏறக்குறைய முழுவதும் திரையில் நடந்தது. இரண்டு ஊர்களும் ஒன்றரை இரண்டு வருடம் தயாராகிக் காத்திருந்தன.

ஆர்டர் எங்கே கிடைக்கும் என்றால், ஊரின் வரவேற்புக் குழு உள்ளூர் வியாபாரிகள் பட்டியல் ஒன்று திறக்கும். திறந்ததும் பதிவு செய்துவிடுங்கள். சுகாதார அனுமதி, பொறுப்புக் காப்பீடு இரண்டும் தயாராக இருக்கட்டும். பெரிய விருந்துகள் எல்லாம் பல மாதம் முன்பே பேசி முடிக்கப்படும். மாநாட்டு வாரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கூட்டம் வரும் என்று நம்பிக் கூடுதல் ஆள் எடுக்காதீர்கள், மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்காதீர்கள். 2024 ஜூலையில் மில்வாக்கியில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, வளையத்துக்குச் சற்றே வெளியே இருந்த உணவகங்கள் பல காலியாகக் கிடந்தன. பிரதிநிதிகள் பஸ்ஸில் வந்து, உள்ளேயே சாப்பிட்டு, பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். வழக்கமான வாடிக்கையாளர்கள் போக்குவரத்துக்குப் பயந்து வரமாட்டார்கள். ஹூஸ்டன் டவுன்டவுனின் கீழே ஓடும் சுரங்கப்பாதைகளில் மதியச் சாப்பாட்டுக் கடைகள் ஆபீஸ்காரர்களை நம்பித்தான் இருக்கின்றன. ஆபீஸ் எல்லாம் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டால் அந்த வாரம் அவர்களுக்கு வருமானமே இல்லை. அங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்கள் கட்டட நிர்வாகத்திடம் அந்த வார வாடகையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடலாமா என்று மச்சினன் கேட்டான். விடலாம், ஆனால் அந்தக் காசை நம்பி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம். பிரதிநிதிகளுக்கு மாநில வாரியாக ஹோட்டல் ஒதுக்கிவிடுவார்கள். வீடு தேடுவோர் பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சி ஊழியர்களும், அவர்கள் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள், அரங்குக்குப் பக்கத்தில்தான் பிடிப்பார்கள். கேட்டியிலிருந்து டவுன்டவுன் முப்பது மைல். குடியிருப்போர் சங்க விதி குறுகிய கால வாடகையை அனுமதிக்கிறதா, வீட்டுக் காப்பீடு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஆண்டில் 14 நாள் வரை மட்டும் வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது, இது பலருக்குத் தெரியாது.

தன்னார்வலராகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் 2012-ல் ஒன்பது மணி நேரம் வேலை செய்தாள். மூன்று முறை போய் மொத்தம் ஒன்பது மணி நேரம் உழைத்தால், கடைசி நாள் ஸ்டேடியத்தில் ஒபாமா பேசும்போது நேரில் கேட்க ஒரு அனுமதிச் சீட்டு என்று ஏற்பாடு. சீட்டு கைக்கு வந்தது, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். புதன்கிழமை காலை அறிவிப்பு வந்தது: இடி மின்னல் அபாயம், பேச்சு ஸ்டேடியத்திலிருந்து உள்ளரங்குக்கு மாற்றம். அரங்கில் இடம் சுமார் இருபதாயிரம் பேருக்குத்தான். சீட்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் வியாழன் இரவு வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள், அவளும்தான். திறந்தவெளியில் எது நடப்பதாக இருந்தாலும் அது நடக்காமல் போகலாம் என்று நினைத்துக்கொண்டே போங்கள். அதே ஆண்டு அதற்கு முந்தைய வாரம் டாம்பாவில் குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் நாளே ஐசக் புயலால் வீணானது. ஹூஸ்டன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போன ஊர் அது. வழக்கமான புயல் காலப் பெட்டியை, டார்ச், தண்ணீர், மருந்து எல்லாவற்றோடும், மாநாட்டுக்கு முன்பே ஒருமுறை சரிபார்த்து வையுங்கள். அந்த வாரம் புயல் வந்தால் சாலை, ஹோட்டல் எதுவும் சுலபமாகக் கிடைக்காது.

எச்-1பி வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஒரு டாலர்கூட நன்கொடை கொடுக்கக்கூடாது, சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக உதவுவதற்குத் தேர்தல் சட்டத்தில் தடை இல்லை.

போராட்டங்கள் நடக்கும். சார்லட்டில் மாநாட்டுக்கு முந்தைய ஞாயிறு, வங்கிகளின் ஊர் என்பதாலேயே, வங்கிகளுக்கு எதிராகப் பெரிய ஊர்வலம் போனது, அமைதியாகத்தான் போனது. கல்லூரிப் பிள்ளைகள் போகக் கேட்டால் தடுக்க வேண்டாம், ஆனால் வழக்கறிஞர் போன் எண்ணை கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள், விசாவில் இருந்தால் நன்றாக யோசித்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். காவலுக்கு வெளியூர்ப் போலீஸ் ஆயிரக்கணக்கில் வரும், அவர்களுக்கு உங்கள் தெருவும் தெரியாது, அங்கே இருக்கும் மனிதர்களும் தெரியாது. மில்வாக்கியில் 2024-ல் அரங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸிலிருந்து வந்திருந்த போலீஸார் உள்ளூர்க்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கையில் கத்திகள் இருந்தன. அவரைத் தெரிந்த உள்ளூர்ப் போலீஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தெருவாசிகள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. வெளியூர்ப் போலீஸ் வட்டத்துக்கு வெளியே தனியாக ரோந்து போவார்களா, உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பாரா என்று நகர்மன்றக் கூட்டத்தில் இப்போதே எழுந்து கேளுங்கள். பேசப் பெயர் கொடுத்தால் எவரும் பேசலாம், குடியுரிமை தேவையில்லை.

அதே கூட்டத்தில் பணத்தைப் பற்றியும் கேளுங்கள். பாதுகாப்புக்கென்று மத்திய அரசு 2012-ல் ஒவ்வொரு மாநாட்டு ஊருக்கும் 5 கோடி டாலர் கொடுத்தது, 2024-ல் 7.5 கோடி. அது பாதுகாப்புக்கு மட்டும்தான், வியாபாரம் படுத்த கடைக்காரருக்கு அதிலிருந்து ஒரு காசு வராது. மற்ற செலவுக்கு வரவேற்புக் குழு நன்கொடை திரட்ட வேண்டும். சார்லட்டில் திரட்டியது போதவில்லை, டியூக் எனர்ஜி நிறுவனம் உத்தரவாதம் கொடுத்த 1 கோடி டாலர் கடனைக் கடைசியில் அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. உங்கள் ஊரில் பணத்தில் பள்ளம் விழுந்தால் யார் நிரப்புவார்கள், நகராட்சியா, தனியாரா? பாதுகாப்புக்கென்று வாங்கும் கண்காணிப்புக் கேமராக்கள் மாநாடு முடிந்த பிறகு எங்கே இருக்கும்? வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும் கடைகளுக்கு ஏதாவது உண்டா? ஒரு வருடம் முன்பு கேட்டால் பதில் மாற வாய்ப்பிருக்கிறது.

மாநாட்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு: மளிகை, பால், பெட்ரோல் முடித்துவிடுங்கள். பிள்ளைகளின் டிரோனை அலமாரியில் பூட்டிவிடுங்கள், வான்வெளிக்கும் தடை இருக்கும். டவுன்டவுனில் தனியாக இருக்கும் வயதானவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அந்த நாலு நாளும் நம் வீட்டில் வந்து இருங்கள் என்று சனிக்கிழமையே போய் அழைத்து வந்துவிடுங்கள்.