கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்வது எப்படி

கொலனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கெமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. கெமராவைப் பிடிப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், குடல் சுத்தமில்லாவிட்டால் சின்னப் பொலிப் (குடல் சுவரில் வளரும் சதைத் திரட்சி) மலத்துக்கடியில் மறைந்துவிடும். பிறகு இன்னொரு திகதி, இன்னொரு முறை மருந்து.

ஒரு கிழமைக்கு முன்பே இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிப் பசைபோல் ஒட்டவைக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல், மற்றும் இன்சுலின், சீனி வியாதிக் குளிசை ஆகியவற்றில் உங்கள் இஷ்டத்துக்குக் கை வைக்காதீர்கள். எதை எப்போது நிறுத்துவது என்று திகதி எடுக்கும்போதே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

மூன்று நாள் முன்பிருந்து சிவப்பரிசிச் சோறு, குரக்கன், கீரை வறை, பருப்பு, எள்ளுருண்டை வேண்டாம். தக்காளி, கொய்யா, கத்தரிக்காய் விதைகள் கெமராக் குழாயின் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துவிடும். அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். தேங்காய்ப்பூச் சம்பலும் கூடாது. வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், பாண், முட்டை, மீன், தோலுரித்த உருளைக்கிழங்கு, வடித்த சொதி போதும்.

பரிசோதனைக்கு முதல் நாள் காலையில் இலேசாகச் சாப்பிட்டபின் தெளிந்த திரவம் மட்டுமே: பால் விடாத தேத்தண்ணி, வடித்த கோழி சூப், சக்கையில்லாத தேசிக்காய்ச் சாறு, செவ்விளநீர். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். நெக்டோ போன்ற சிவப்புச் சோடா வேண்டாம். உள்ளே இரத்தம்போல் தெரியும்.

குடலைக் கழுவி வெளியேற்றும் பொலியெத்திலீன் கிளைக்கோல் மருந்துத் தூளைப் பக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் கரைத்துக் குளிரூட்டுங்கள். சீனி கலக்காதீர்கள், கரைசலின் உப்புச் சமநிலை கெடும். பாதியை முதல் நாள் மாலையில், 15 நிமிடத்துக்கு 250 மில்லிலீட்டர் வீதம் குடியுங்கள். குமட்டினால் அரை மணித்தியாலம் பொறுத்து மெதுவாகத் தொடருங்கள். விடாத வாந்தியோ, வயிறு ஊதிக் கடும் வலியோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள்.

மீதிப் பாதியைப் பரிசோதனை நாள் விடியலில் குடிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: தூக்கம் கெடுமென்று முழுவதையும் இரவே குடித்துவிடுவார்கள். விடியும்வரை சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் பிசின்போல் படியும். தட்டையான பொலிப்புகள் கண்ணுக்குத் தப்புவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். 10 மணிக்குப் பரிசோதனை என்றால் 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடியுங்கள்; 8 மணிக்குப் பின் தண்ணீரும் வேண்டாம். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து வருபவர்கள் காலி வீதி நெரிசலையும் கணக்கில் எடுங்கள். மயக்க ஊசி போடுவதால் கூட ஒருவர் வரவேண்டும். 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டக் கூடாது.

கிளம்புமுன் கடைசியாகப் போனதைப் பாருங்கள். கட்டியில்லாமல், அடி தெரிகிற இளமஞ்சள் நீராக இருந்தால் சரி. மண்ணிறமாகவோ கலங்கலாகவோ இருந்தால் வீட்டிலிருந்தே எண்டோஸ்கோபிப் பிரிவுக்கு அழைத்துச் சொல்லுங்கள். எனிமா (ஆசனவாய் வழியாகத் திரவம் செலுத்திக் குடலைக் கழுவுவது) கொடுப்பதா, நேரத்தைப் பின்தள்ளுவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள்.