முடியாத ஆன்லைன் கேமுக்கு இப்போதே காசு கொடுக்கலாமா? விலையை எடைபோடும் வழி

நம் ஊரில் ஆன்லைன் கேம் என்றாலே வீட்டில் பெரியவர்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வரும். இது அதைப் பற்றி இல்லை. ஸ்டீம் மாதிரி கணினி கேம் விற்கும் இணையக் கடைகளில் 'எர்லி ஆக்சஸ்' என்று போட்டு, பாதி வேலை முடிந்த நிலையிலேயே விற்கிறார்களே, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆடும் சர்வைவல் கேம், எம்எம்ஓ (ஏராளமானோர் ஒரே உலகில் ஆடுவது), ஷூட்டர் வகையறா, அவற்றுக்குக் கேட்கும் விலை நியாயமா என்று வாங்கும் முன் எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் விஷயம். கேமிங் பிசி வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஐந்நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிற நாம், கேம் என்று வந்தால் ட்ரெய்லரைப் பார்த்த கையோடு யுபிஐயில் கட்டிவிடுகிறோம்.

முதலில் எதற்கு விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள். எர்லி ஆக்சஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்பனையாகிறது. முதல் வகை, முடிக்காத கேமையே விற்று, முடிக்க முடிக்க அப்டேட் தருவது. ஸ்டீம் இதை 2013 மார்ச்சில் தொடங்கியது, ஆனால் மைன்கிராஃப்ட் 2009-லேயே இந்த வழியில் விற்றுக்கொண்டிருந்தது. இரண்டாவது, முடிந்த கேமைச் சில நாள் முன்னதாக ஆட மட்டும் கூடுதல் காசு. 2023-இல் ஸ்டார்ஃபீல்டின் 70 டாலர் பதிப்பு செப்டம்பர் 6 அன்று வந்தது, 100 டாலர் பதிப்பு வாங்கியவர்கள் செப்டம்பர் 1 முதலே ஆடினார்கள். அந்த 100-க்குள் பின்னால் வரவிருந்த கூடுதல் கதையும் சில்லறைச் சாமான்களும் இருந்தன, இருந்தாலும் பலரும் கொடுத்தது அந்த ஐந்து நாளுக்காகத்தான். மூன்றாவது, ஃபவுண்டர் பேக்: கேம் பின்னால் இலவசமாக வரும், இப்போதே நுழைய வேண்டுமானால் இவ்வளவு கட்டு என்பது. இரண்டாவது வகையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பொறுமைக்கு விலை வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்றால் ஐந்து நாள் பொறுங்கள். மற்ற இரண்டுக்கும்தான் கணக்கு வேண்டும்.

ஓஎம்ஆரில் கட்டடம் எழும்பும் முன் ஃப்ளாட் புக் செய்தால் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், ஏனென்றால் கட்டடம் பாதியில் நின்றால் மாட்டிக்கொள்வது வாங்கியவர். அங்கேயாவது 2016-இல் வந்த ரெரா சட்டம் இருக்கிறது, வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். எர்லி ஆக்சஸில் அப்படி ஒரு பூட்டும் கிடையாது. நீங்கள் கட்டிய காசை டெவலப்பர், அதாவது கேமை உருவாக்குபவர், அடுத்த கேமுக்குச் செலவழித்தாலும் யாரும் கேட்க முடியாது, ஸ்டீமே கேமின் ஸ்டோர் பக்கத்தில், இந்தக் கேம் இப்போது இருக்கும் நிலையில் ஆட ஆர்வமில்லை என்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்ற பொருளில் எழுதி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொள்கிறது. ஆக, ஆபத்து முழுவதும் உங்கள் தலையில். அதற்கு ஈடாக எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க எங்கும் அலைய வேண்டாம். ஸ்டோர் பக்கத்தில் டெவலப்பர் பதில் சொல்லியே ஆக வேண்டிய சில கேள்விகள் இருக்கும், ஏன் எர்லி ஆக்சஸ், எவ்வளவு காலம், முழுப் பதிப்பில் என்ன மாறும், அப்புறம் முக்கியமாக, முழுப் பதிப்பு வரும்போது விலை மாறுமா. பலர் ஸ்க்ரோல் செய்து தாண்டிப் போகும் இடம் அது. ஹேடீஸ் என்ற கேம் எர்லி ஆக்சஸில் 20 டாலர், 2020-இல் முழுதாக வந்தபோது 25. சப்னாட்டிகாவும் அப்படியே. ரஸ்ட் 20-லிருந்து 2018-இல் 35-க்குப் போனது. மறுபக்கம் பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபரில் கதையின் முதல் பாகத்தை மட்டும் வைத்து 60 டாலருக்கு விற்றது, 2023 ஆகஸ்டில் முழுக் கேமும் அதே 60 தான். அதாவது முன்னால் வாங்கியவர்களுக்கு ஒரு பைசா தள்ளுபடி இல்லை. அந்தக் கேம் பிரமாதமாக முடிந்தது, யாரும் வருத்தப்படவில்லை, ஆனாலும் விலை நியாயமா என்ற கேள்விக்கு, கேம் நன்றாக வந்துவிட்டது என்பது பதிலாகாது. வாங்கிய நாளில் அது யாருக்கும் தெரியாதே.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேம் இப்போது 1,300 ரூபாய், முழுப் பதிப்பு 1,600 ஆகும் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் காத்திருப்பவர் கேம் முடிந்தால் மட்டுமே 1,600 கட்டுவார், முடியாவிட்டால் அவருக்குச் செலவே இல்லை. நீங்களோ முடிந்தாலும் முடியாவிட்டாலும் 1,300 கட்டியாகிவிட்டது. 300-ஐ 1,600-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 சதவீதம் வரும். இந்தக் கேம் கைவிடப்பட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினாலே, அந்தத் தள்ளுபடி உங்களுக்கு நஷ்டக் கணக்குதான். போதாக்குறைக்கு, முழுப் பதிப்பு வந்த ஓராண்டுக்குள் பெரும்பாலான கேம்கள் சேலில் எர்லி ஆக்சஸ் விலைக்கும் கீழே இறங்கிவிடும். ஃபேக்டோரியோ மாதிரி, ஒருபோதும் தள்ளுபடி தர மாட்டோம் என்று சொல்லி அதன்படியே நடந்து விலையை ஏற்றிக்கொண்டே போனவர்கள் அபூர்வம்.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா என்றால், கணக்கில் ஒன்றை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: இப்போதைய கேமில் கிடைக்கும் ஆட்டம். அதுதான் தராசை மாற்றும். நாளைக் காலை டெவலப்பர் கடையைச் சாத்திவிட்டுப் போனாலும், இன்றைக்கு இருக்கும் கேமுக்கு இந்தக் காசு தகுமா? தகும் என்றால் விலை நியாயம், ரோட்மேப்பில், அதாவது இனி சேர்ப்போம் என்று அவர்கள் போட்ட பட்டியலில், உள்ளது எல்லாம் வந்தால் லாபம். வால்ஹைம் 2021 பிப்ரவரியில் 20 டாலருக்கு வந்தபோது சில நிலப்பரப்புகள் முடிக்கப்படவே இல்லை, ஆனால் இருந்த பகுதியே பல முழுக் கேம்களை விடப் பெரியது, ஒரு மாதத்துக்குள் 50 லட்சம் பேர் வாங்கினார்கள். எதிர்ப்பக்கம் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2. 2023 பிப்ரவரியில் 50 டாலர், முதல் பாகத்தில் இருந்த பல அம்சங்கள் கூட இல்லை, மல்டிப்ளேயர் ரோட்மேப்பில் மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டே ஸ்டுடியோ மூடப்பட்டது, மல்டிப்ளேயர் வரவே இல்லை, கேம் மட்டும் ஸ்டோரில் விற்பனையில் தொடர்ந்தது. ரோட்மேப்புக்குக் காசு கொடுத்தவர்களுக்கு ரோட்மேப்தான் மிஞ்சியது.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்து, 1,300 ரூபாய்க்கு 200 மணி நேரம், படம் பார்ப்பதை விட மலிவு என்று சிலர் சொல்வார்கள். ஆன்லைன் கேமுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. கோடாரியால் மரம் வெட்டி வெட்டி மணி நேரத்தை நீட்டுவது டெவலப்பருக்கு ரொம்ப சுலபம். அதோடு எர்லி ஆக்சஸில் சர்வரை வைப் செய்து எல்லோரையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கச் சொல்வது சகஜம், அப்போது அந்த 200 மணி நேரத்தில் எத்தனையை எண்ணுவீர்கள்?

ஆன்லைன் என்பதால் இன்னொரு ஆபத்தும் சேருகிறது. தனியாக ஆடும் கேம் பாதியில் நின்றால், அந்தப் பாதியாவது உங்கள் கணினியில் இருக்கும். சர்வர் தேவைப்படும் கேம் நின்றால் ஒன்றும் மிஞ்சாது. 'தி டே பிஃபோர்' 2023 டிசம்பர் 7 அன்று 40 டாலருக்கு வந்தது, நாலே நாளில் ஸ்டுடியோ மூடுவதாக அறிவித்தார்கள், ஜனவரி 22-இல் சர்வரும் போனது. அதில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, எல்லாக் கேமுக்கும் அப்படி நடக்கும் என்று நம்பாதீர்கள். அதனால் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: நாமே சர்வர் நடத்தவோ, ஒருவர் ஹோஸ்ட் செய்து நண்பர்கள் சேரவோ வழி இருக்கிறதா? வால்ஹைமில் இருக்கிறது, பால்வேர்ல்டில் இருக்கிறது. இருந்தால் விலையில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். கம்பெனி சர்வர் மட்டும்தான் என்றால், எனக்கு அதன் மதிப்பு அதே தரமுள்ள மற்றதில் பாதி.

சர்வர் எங்கே இருக்கிறது என்பது சென்னையில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி தன் சொந்தக் கேம்களுக்குச் சென்னையிலேயே சர்வர் வைத்திருப்பதால் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பழகிய நமக்குப் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் தாமதம்) என்பதே மறந்துபோயிருக்கும். எர்லி ஆக்சஸ் ஸ்டுடியோக்கள் சின்னவை, இந்தியாவில் சர்வர் போடுவதைக் கடைசியாகத்தான் யோசிப்பார்கள். சிங்கப்பூரில் இருந்தால் பரவாயில்லை, இங்கிருந்து நேராகக் கடலடி கேபிள் போகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மட்டும்தான் என்றால் கட்டடம் கட்டி விவசாயம் செய்யும் கேமை ஓட்டிவிடலாம், துப்பாக்கிச் சண்டைக் கேமுக்கு அதே விலை கொடுப்பது வீண். ஆசிய சர்வர் விரைவில் என்று எழுதியிருந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பரை நம்பலாமா என்பதற்குப் பேட்டிகளை விட அப்டேட் தேதிகள் நன்றாகப் பேசும். ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது, விலை எப்படி ஏறி இறங்கியது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ரொம்ப நாளாக அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் ஸ்டீமே 2025 முதல் எச்சரிக்கை போடுகிறது. ரிவ்யூக்களில் 'சமீபத்தியவை' என்பதை மட்டும் படியுங்கள், முதல் வார உற்சாகத்தில் எழுதியது எதற்கும் உதவாது. டெவலப்பர் சொன்ன காலத்தை நான் இரண்டால் பெருக்கிக்கொள்வேன், அதுகூடச் சில சமயம் கருணைதான்: டேஇசட் 2013 டிசம்பரில் வந்து 2018 டிசம்பரில்தான் முடிந்தது. 2012 முதல் நிதி திரட்டிவரும் ஸ்டார் சிட்டிசன் 70 கோடி டாலரைத் தாண்டிய பிறகும் ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

ஃபவுண்டர் பேக்குக்கு வருவோம், இங்கேதான் நான் கறாராகிவிடுவேன். 2014-இல் லேண்ட்மார்க் என்ற கேமுக்கு 20, 60, 100 டாலர் என்று மூன்று பேக் விற்றார்கள், 2016-இல் கேம் வெளிவந்தது, 2017 பிப்ரவரியில் சர்வரை அணைத்துவிட்டார்கள். ஃபோர்ட்நைட்டின் 'சேவ் தி வேர்ல்ட்' 2017-இல் காசுக்கு வந்தது, அடுத்த ஆண்டு இலவசமாகும் என்றார்கள், 2020-இல் எர்லி ஆக்சஸை முடித்தபோது காசுக்கே தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வகையில் ஓரளவு நியாயமாகத் தெரிவது பாத் ஆஃப் எக்ஸைல் 2: 2024 டிசம்பரில் 30 டாலர் வாங்கினாலும், அதே மதிப்புக்குக் கேமுக்குள் செலவழிக்கும் பாயின்ட் கொடுத்தார்கள். எனவே பேக்கைப் பார்த்தால் உள்ளே நுழையும் அனுமதியின் விலை என்ன, ஸ்கின் (கேரக்டருக்கு மாட்டும் வேடம்), பட்டம், செல்லப் பிராணி இவற்றின் விலை என்ன என்று பிரியுங்கள். எப்போதும் மிகக் குறைந்த பேக்கைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் இவை கம்பெனியின் சொந்தத் தளத்தில் டாலரில்தான் கிடைக்கும், ஸ்டீமில் இருப்பது போல் ரூபாய் விலை கிடையாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் பேங்க் ஆப்பில் ஆன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு மேல் பேங்க் போடும் மார்க்கப், அதன் மேல் ஜிஎஸ்டி. ரீஃபண்டும் அவர்கள் மனது வைத்தால்தான்.

ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும், இது எர்லி ஆக்சஸுக்கும் பொருந்தும். இந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது ஒரு கலை. கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும், லாகின் க்யூவில் நிற்பது, கேரக்டரின் மூக்கை இழுத்து இழுத்துச் சரிசெய்வது உட்பட. அதனால் வெளியான அன்றே பாயாதீர்கள், கூட்டம் வடிந்த பிறகு வாங்குங்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், அதாவது தெருவே நெட்டில் உட்கார்ந்திருக்கும் ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு, ஒரு நண்பரோடு சேர்ந்து ஆடிப் பாருங்கள். பிங், டிஸ்கனெக்ட், உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு திணறுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தி முடிவெடுங்கள். நாலு பேர் கேங்காக ஆடுவதாக இருந்தால் ஒருவர் மட்டும் முதலில் வாங்கி இதைச் செய்தால் போதும், நாலு பேரும் ஒரே ராத்திரியில் வாங்குவதும் மறுநாள் நாலு பேரும் ரீஃபண்ட் கேட்டு வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புவதும் தவிர்க்கலாம்.

இப்படிப் பார்த்தும் முடிவு இழுபறியாக இருந்தால் விஷ்லிஸ்டில் போட்டுவிடுங்கள். விலை குறைந்தாலும் எர்லி ஆக்சஸை விட்டு முழுதாக வெளிவந்தாலும் ஸ்டீம் மெயில் அனுப்பும், ஜூன் கடைசியில் ஒரு பெரிய சேல், டிசம்பரில் இன்னொன்று.