ஆர் மொழியில் எரர் வந்தால் முதலில் எங்கே பார்ப்பது

போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ என்ன விலைக்குப் போனது என்று மூன்று வருடத்துக்கு நாள்வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். மார்கழி, தை பனியில் வரத்து குறையும்போது விலை எப்படி ஏறுகிறது என்று, புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் என்ற நிரல் மொழியில் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அவர் லேப்டாப்பில் ஆறு மாதமாக ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், வழிகாட்டியின் கம்ப்யூட்டரில் போட்டதும் நான்காவது வரியிலேயே 'ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்' (அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை) என்று நின்றுவிட்டது. "அண்ணா, நான் ஒண்ணுமே மாத்தலை" என்றார். உண்மைதான், அவர் எதையும் மாற்றவில்லை. அந்த ஆப்ஜெக்டை எப்போதோ ஒரு நாள் கன்சோலில் (தட்டியவுடன் ஓடும் கட்டளை ஜன்னலில்) நேராகத் தட்டி உருவாக்கியிருக்கிறார், ஸ்கிரிப்டில் அந்த வரியே கிடையாது. ஒவ்வொரு முறை மூடும்போதும் 'சேவ் வொர்க்ஸ்பேஸ்' என்று கேட்டதற்கு யெஸ் கொடுத்துக்கொண்டே வந்ததால் அது ஆர்டேட்டா ஃபைலில் தங்கி, திறக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் கூடவே வந்திருக்கிறது.

எரர் காட்டும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. ஆர் படிக்க வருகிற எல்லோரிடமும் நான் முதல் நாளே சொல்வது இதைத்தான். எரர் வந்தவுடன் அந்த வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, கமாவை மாற்றி அடைப்புக்குறியை மாற்றி இரவைக் கழிக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பெயரை ஆர் எந்த இடத்தில் தேடியது, எப்போது கணக்கிட்டது, அதற்குள் உண்மையில் என்ன இருந்தது. (ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் சுத்தமாகத் தொடங்குங்கள்

ஆர் எழுதப் பயன்படுத்தும் ஆர் ஸ்டுடியோ மென்பொருளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் செஷன் புதிதாகத் தொடங்கும். அப்புறம் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை ஓடவிடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே வெளிப்பட்டுவிடும். டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ் போய், திறக்கும்போது ஆர்டேட்டாவை மீட்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், மூடும்போது சேவ் செய்வதை 'நெவர்' என்று வையுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

நிறையப் பேர் ஸ்கிரிப்டின் முதல் வரியில் எல்லா ஆப்ஜெக்டையும் அழிக்கும் ஆர்எம் கட்டளையைப் போட்டுவிட்டு, சுத்தம் செய்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது ஆப்ஜெக்ட்களை மட்டும்தான் துடைக்கும், அதிலும் புள்ளியில் தொடங்கும் பெயர்களை விட்டுவிடும். ஏற்கெனவே ஏற்றிய பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும், மாற்றிய ஆப்ஷன்களும் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட்தான் சரியான வழி.

இன்னொன்று, எரரில் 'அன்எக்ஸ்பெக்டட்' என்ற சொல் இருந்தால் அது வேறு வகை. அது கணக்கில் வந்த தவறு இல்லை, எழுதியதையே ஆரால் வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஃபைலை மொத்தமாக ஓட்டும் சோர்ஸ் கட்டளையில் ஓட்டினால் முழு ஃபைலையும் வாசித்து முடித்த பிறகுதான் முதல் வரியே ஓடும், அதனால் 200ஆவது வரியில் ஓர் அடைப்பு விட்டுப்போனாலும் ஒரு வரிகூட ஓடியிருக்காது. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ அனுப்பிய நிரல் வரிகளை ஒட்டினீர்களா என்று பாருங்கள், நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், ஆருக்கு அது புரியாது. கன்சோலில் கூட்டல் குறி மட்டும் வந்து நின்றால் ஏதோ ஓர் அடைப்பை இன்னும் மூடவில்லை. எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

சோர்ஸ் பற்றிச் சொல்லும்போதே ஒன்று. கன்சோலில் வரைபடம் வந்தது, சோர்ஸ் செய்தால் எரரும் இல்லை, படமும் இல்லை என்று கேட்பார்கள். கன்சோலில் தட்டினால் முடிவைத் தானாகக் காட்டும். சோர்ஸ் செய்யும் ஃபைலிலும், லூப்பிலும், ஃபங்ஷனுக்குள்ளும் காட்டாது. ஜிஜிபிளாட் (வரைபட பேக்கேஜ்) படத்தைப் பிரிண்டுக்குள் போடுங்கள்.

பெயரை எங்கே தேடுகிறது

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் என்விரான்மெண்ட் (பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் இருக்கும் இடம்) புரியாமல் ஆர் புரியாது.

ஒரு ஃபங்ஷனுக்குள் 'விலை' என்று எழுதினால் ஆர் முதலில் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே தேடும். இல்லையென்றால் அந்த ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டதோ அங்கே தேடும். அதைக் கூப்பிட்டது யார் என்று பார்க்காது. உசிலம்பட்டியில் பிறந்தவர் சென்னையில் வேலை பார்த்தாலும் சொந்த ஊர் எது என்று கேட்டால் உசிலம்பட்டி என்றுதான் சொல்வார், ஃபங்ஷனும் அப்படித்தான், எங்கே போய் வேலை செய்தாலும் தேட வேண்டியதைத் தான் பிறந்த வீட்டில்தான் தேடும். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரை உருவாக்கியபோது இந்த வழக்கத்தை ஸ்கீம் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆருக்கு முன்னோடியான எஸ் மொழியில் இது இப்படி இருக்கவில்லை.

இதனால் வரும் சிக்கல் என்ன? பெரிய ஃபங்ஷன் ஒன்றுக்குள் 'கமிஷன்' என்று ஒரு வேரியபிள் வைத்து, வெளியே தனியாக எழுதிய சின்ன ஃபங்ஷனை அதற்குள்ளிருந்து கூப்பிடுகிறீர்கள், சின்னதுக்குள் 'கமிஷன்' வருகிறது. 'ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் உங்களுக்கு நல்ல காலம். போன வாரம் கன்சோலில் தட்டிய பழைய 'கமிஷன்' ஒன்று குளோபல் என்விரான்மெண்டில் (எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே இருக்கும் பொது இடத்தில்) கிடந்தால் எரரே வராது, பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு தவறான விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எரரை விட இதற்குத்தான் நான் பயப்படுவேன். வழி ஒன்றுதான்: ஃபங்ஷனுக்கு எது தேவையோ அதை ஆர்குமெண்டாக (கூப்பிடும்போதே அடைப்புக்குள் தரும் மதிப்பாக) கொடுங்கள். <<- குறியை வைத்து வெளியே இருப்பதை மாற்றும் பழக்கத்தையும் விடுங்கள், மேலே எங்கேயும் அந்தப் பெயர் இல்லையென்றால் அது குளோபலில் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும், எழுத்துப்பிழை செய்தால்கூடத் தெரியாது.

அடுத்தது எல்லோரையும் குழப்பும் எரர், 'ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் குளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்'. குளோஷர் என்றால் ஃபங்ஷன், நீங்கள் ஃபங்ஷனுக்குள் காலம் (column, அட்டவணையின் நெடுவரிசை) தேடுகிறீர்கள் என்று சொல்கிறது. டேட்டா ஃபிரேமுக்கு (ஆரில் அட்டவணை) 'டிஎஃப்' அல்லது 'டேட்டா' என்று பெயர் வைக்கும் பழக்கம்தான் காரணம். ஃபைலைப் படிக்கும் வரியை ஓட்ட மறந்திருப்பீர்கள், ஆர் தேடிக்கொண்டே போய் ஸ்டாட்ஸ் பேக்கேஜில் எஃப் பரவலுக்கான டிஎஃப் என்ற ஃபங்ஷனைக் கண்டுபிடிக்கும், 'டேட்டா' என்றாலும் யூட்டில்ஸில் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 'மல்லி_விலை' என்று பெயர் வைத்திருந்தால் நேராக 'நாட் ஃபவுண்ட்' என்று சொல்லியிருக்கும், ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நேற்றுவரை ஓடிய ஃபில்டர் (வேண்டிய வரிசைகளை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) இன்று புரியாத எரர் கொடுத்தால், டிபிளையர் பேக்கேஜை ஏற்ற மறந்துவிட்டீர்கள், ஸ்டாட்ஸில் இருக்கும் வேறொரு ஃபில்டர் மாட்டிக்கொண்டது. பேக்கேஜ் பெயர், இரண்டு முக்காற்புள்ளி ::, பிறகு ஃபங்ஷன் பெயர் என்று எழுதிவிட்டால் சந்தேகமே இல்லை. டேட்டா ஃபிரேமின் காலங்களையும் ஆர் தேடும் இடங்களில் சேர்த்துவிடும் அட்டாச் கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

எப்போது கணக்கிடுகிறது

ஆர்குமெண்டைக் கொடுத்தவுடன் ஆர் அதைக் கணக்கிடுவதில்லை. டோக்கன் வாங்கி வைத்துக்கொள்வது மாதிரி, 'தேவைப்படும்போது கணக்கிடுகிறேன்' என்று ஒரு வாக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும், ஆரில் அதற்குப் பெயரே பிராமிஸ்தான். ஃபங்ஷனுக்குள் அந்தப் பெயரை முதல்முறை தொடும்போதுதான் கணக்கு நடக்கும், தொடவே இல்லையென்றால் நடக்கவே நடக்காது. அதனால் தப்பான ஆர்குமெண்ட் கொடுத்த வரியில் எரர் வராமல், நீங்கள் எழுதாத ஏதோ ஒரு ஃபங்ஷனின் ஆழத்திலிருந்து வரும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம், ஃபங்ஷனை உருவாக்கித் தரும் ஃபங்ஷன். மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று மூன்று பூவுக்கும் ஃபார் லூப்பில் மூன்று ஃபங்ஷன் செய்கிறீர்கள், கடைசியில் கூப்பிட்டால் மூன்றுமே கனகாம்பரம் என்கின்றன, ஏனென்றால் கணக்கிடும் நேரம் வந்தபோது லூப் முடிந்து கடைசிப் பெயர்தான் மிஞ்சியிருந்தது. உருவாக்கும் ஃபங்ஷனின் முதல் வரியில் ஃபோர்ஸ் போட்டு அந்த ஆர்குமெண்டை அப்போதே கணக்கிட வையுங்கள். லிஸ்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எல்அப்ளை மூலம் செய்தால் 2015இல் வந்த ஆர் 3.2.0 பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை இல்லை, ஃபார் லூப்பில் இன்றைக்கும் உண்டு. 'பிராமிஸ் ஆல்ரெடி அண்டர் எவால்யுவேஷன்' என்று வந்தால் டீஃபால்ட் மதிப்பில் அதே பெயரையே கொடுத்திருக்கிறீர்கள், விலை = விலை என்கிற மாதிரி. பெயரை மாற்றினால் போதும்.

காலம் பெயர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். காலம் பெயரை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு டாலர் குறிக்குப் பின்னால் அந்த வேரியபிளைப் போடுவார்கள். டாலர் குறி வேரியபிளுக்குள் எட்டிப் பார்க்காது, எழுதிய பெயரிலேயே காலம் தேடும், சாதாரண டேட்டா ஃபிரேமில் அது இல்லையென்றால் எரர் போடாமல் 'நல்' (ஒன்றுமில்லை) கொடுத்துவிடும். இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] பயன்படுத்துங்கள். சப்செட் ஃபங்ஷனும் காலம் பெயரை முதலில் டேட்டாவுக்குள் தேடும், பிறகுதான் வெளியே, உங்கள் வேரியபிளுக்கும் ஒரு காலத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் காலம்தான் ஜெயிக்கும். கன்சோலில் பயன்படுத்துங்கள், ஃபங்ஷனுக்குள் வேண்டாம். நிரல் வரிகளை எழுத்தாக ஒட்டி எவால், பார்ஸ் வழியாக ஓட்டும் பழக்கம் இருந்தால், அதற்குப் பதில் ஒரு லிஸ்டும் எல்அப்ளையும் போதுமா என்று யோசியுங்கள், பெரும்பாலும் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது

'நான்-நியூமெரிக் ஆர்குமெண்ட்' (எண் இல்லாத மதிப்பு) வந்தால், காலங்களின் வகையைக் காட்டும் எஸ்டிஆர் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். அந்த மாணவியின் ஃபைலில் சாதாரண நாள் விலை 600, 800 என்று இருந்தது, முகூர்த்த நாள் விலை 1,200 என்று கமாவோடு இருந்தது. ஒரே ஒரு கமா போதும், முழுக் காலமும் எழுத்தாகிவிடும். அதை அப்படியே ஆஸ்.நியூமெரிக் போட்டு மாற்றியிருந்தார், கமா இருந்த எல்லா நாளும் என்ஏ (மதிப்பு இல்லை) ஆகிவிட்டது, வார்னிங் ஒன்று வந்தது, யாரும் படிக்கவில்லை. அப்புறம் என்ஏவை நீக்கிச் சராசரி எடுத்தார். ஆக விலை ஏறிய நாள்கள் மட்டும் காணாமல் போய், பனிக்காலத்தில் விலை பெரிதாக ஏறவில்லை என்று முடிவு வந்திருந்தது. முதலில் ஜிசப் வைத்துக் கமாவை நீக்கிவிட்டு எண்ணாக்க வேண்டும். ஃபேக்டராக (ஆர் வகைகளாகப் பிரித்து வைத்த காலமாக) இருந்தால் முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்குங்கள். நேராக எண்ணாக்கினால் விலை வராது, வரிசை எண் வரும்.

இஃப் நிபந்தனையில் அடிக்கடி வரும் எரர்கள் மூன்று. 'மிஸ்ஸிங் வேல்யூ' என்றால் நிபந்தனை என்ஏ. 'லெங்த் ஜீரோ' என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை, பெரும்பாலும் காலம் பெயர் தப்பு. முழுக் காலத்தையும் இஃபுக்குள் போட்டால் முன்பெல்லாம் வார்னிங்கோடு முதல் மதிப்பை மட்டும் பார்த்தது, 2022இல் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து நேராக எரர். பழைய ஸ்கிரிப்ட் புது கம்ப்யூட்டரில் நின்றால் இதைப் பாருங்கள், முழுக் காலத்தையும் ஒன்றொன்றாகப் பார்க்கும் இஃப்எல்ஸ் வேண்டியிருக்கும்.

டேட்டா உள்ளே வந்தவுடன் காவல் ஒன்று வையுங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டக் காலத்தில் 648 என்று வந்தால் யாரோ புள்ளியை விட்டுவிட்டார்கள். ஸ்டாப்இஃப்நாட் கட்டளையில் 'நீர்மட்டம் 71க்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஐம்பது வரி கழித்து வரப்போகும் குழப்பம் அங்கேயே பிடிபடும்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லையென்றால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று காட்டும் டிரேஸ்பேக் போடுங்கள். மேலே இருப்பது எரர் வெடித்த இடம், கீழே 1 என்று இருப்பது நீங்கள் தட்டியது. மேலிருந்து இறங்கி வந்து, நீங்கள் எழுதிய ஃபங்ஷனின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். அதை டிபக்ஒன்ஸ் போட்டு மறுபடி ஓட்டினால் உள்ளேயே நிறுத்தி வரிவரியாகக் காட்டும். 'என்' அடித்தால் அடுத்த வரி, 'சி' அடித்தால் தொடரும், பெரிய 'க்யூ' அடித்தால் வெளியே. உள்ளே இருக்கும்போது எல்எஸ் போட்டு அங்கே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள், முதல் கேள்விக்கு விடை கண்ணெதிரே இருக்கும். வார்னிங் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையென்றால் ஆப்ஷன்ஸில் வார்ன் மதிப்பை 2 ஆக்குங்கள், வார்னிங் எல்லாம் எரராகி அங்கேயே நிற்கும், அப்புறம் டிரேஸ்பேக்.

எரர் வந்தால் என்ன செய்வது என்று எழுதும் ட்ரைகேட்ச் பற்றி ஒரு வேண்டுகோள். எரர் வந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்ததற்குப் போ என்று எழுதாதீர்கள். 36 மாத ஃபைல்களை அப்படி ஓட்டி 4 மாதம் விட்டுப்போனதை நான் அறிக்கை கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். ஃபைல் பெயரையும் எரர் செய்தியையும் ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்து, கடைசியில் அச்சிடுங்கள்.

யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் திரையை போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எரர் வரும் பத்து வரி, டேட்டாவை ஒட்டி ஓட்டக்கூடிய எழுத்தாகத் தரும் டிபுட் போட்டு எடுத்த நாலைந்து வரிசை, செஷன்இன்ஃபோ காட்டும் பதிப்பு விவரம், இந்த மூன்றையும் எழுத்தாக அனுப்புங்கள். அந்தப் பத்து வரியைச் சுத்தமான செஷனில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், திருமங்கலம் மாணவி அப்படி ஓட்டியபோதுதான் காணாமல் போன வரி எதுவென்று அவருக்கே தெரிந்தது, ஹிஸ்டரியில் தேடி எடுத்து ஸ்கிரிப்டின் நான்காவது வரிக்கு மேலே ஒட்டினார்.